வீட்டுக்காரர் ரத்தம்

அத்தியாயம் 6

பெல்ட்டில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொள்ளும் ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வழியை மறித்து உட்கார்ந்திருந்த மனுஷர் அந்த ரகம். பெல்ட்டுக்குக் கறுப்பு பாலிஷ் பளபளவென்று போட்டிருந்தார். ஆனால் கம்பெனி போட்ட ஓட்டைகளைத் தாண்டிக் கோணல்மாணலாக இன்னும் மூன்று. மிச்ச வார் இடுப்பைச் சுற்றி முதுகுப் பக்கம் வரை போயிருந்தது.

"யாரு நீங்க? மேல இருந்தவன் செத்துட்டான்" என்றார்.

வாழ்க்கையில் எத்தனையோ வரவேற்பு பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"தெரியும். அவர் மனைவியைப் பார்க்க வந்திருக்கோம்" என்றார் மேடம்.

"அவளும் இந்த மாசக் கடைசியில காலி பண்றா. வீட்டுக்குத்தான் வந்தீங்கன்னா என்கிட்ட பேசுங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், சீக்காளிங்களுக்கு என் வீடு கிடையாது. மூணு வருஷமா என் தலைக்கு மேல உக்காந்துட்டு கேன்சரை வளர்த்திருக்கான். ஒரே கூரை, ஒரே தண்ணித் தொட்டி. எனக்கு ஒட்டிச்சா? நீங்களே பாருங்க!"

எழுந்து, சுவரில் ஆணியில் தொங்கிய அட்டையைக் கழற்றி நீட்டினார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அதைப் போய் லேமினேட் செய்து வைத்திருந்தார்.

"பட்டத்தை மாட்டி வைப்பாங்க, தாத்தா படத்தை மாட்டி வைப்பாங்க. ரத்தத்தை மாட்டி வச்சவரை இப்பதான் சார் பார்க்கிறேன்" என்றேன்.

"பட்டம் யார் வேணா வாங்கலாம்பா. இந்த ரத்தம் ஆயிரத்துல நாலு பேருக்குக்கூட இருக்காதாம். அறுபத்திரண்டு வயசுல எனக்கே இப்பதான் தெரியும். வாக்கிங் போய்ப் பன்னெண்டு கிலோ இளைச்சிருக்கேன். பாரு, எல்லாம் நார்மல். ஒரு சிவப்பு எழுத்து இருக்கா?"

மேடம் அட்டையை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். அது அவர் வியாதி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பொய்க் கேஸ் பிடித்த பழக்கம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டார். தானே கடை விரித்துத் துப்பறிய ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. நான் அவருக்கு உதவியாள். அதற்கு முன் மருந்துக் கம்பெனி பிரதிநிதி. 'இந்த மாத்திரையில எதுவும் இல்லை டாக்டர், சாக்பீஸ்தான்' என்று ஒரு பெரிய டாக்டரிடமே உண்மையைச் சொல்லி வேலையைத் தொலைத்தவன். வாயால் கெட்ட ஜென்மம். மேடம் என்னை 'மாத்திரை' என்றுதான் கூப்பிடுவார்.

"நல்ல ரத்தம்" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார் மேடம். "எப்ப எடுத்தீங்க?"

"ரெண்டரை மாசம் ஆச்சு. மேல இருந்தவனுக்கு எடுக்க வந்த ஆளைப் பிடிச்சு நிறுத்தினேன். அவனுக்கு என்னென்ன டெஸ்ட் எடுக்கிறியோ அத்தனையும் எனக்கும் எடுன்னேன். அவனுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?"

நாற்காலியை அவர் நகர்த்தவில்லை. நாங்கள்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறினோம்.

மாடியில் இரண்டு அறை. சாமான் பாதிக்கு மேல் அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தது. அந்தம்மா அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவர். முப்பத்தெட்டு வயதிருக்கும். காதுக்கு மேல் சிவப்புப் பென்சில் ஒன்று செருகியிருந்தது. வேலையிலிருந்து வந்தும் அதை எடுக்க மறந்திருக்கிறார் போல.

புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் நிணநீர் முடிச்சில் புற்று. ஆஸ்பத்திரியில் கிடந்து, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, எப்படியோ பிழைத்து வந்தார். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. எல்லாத் தடவையும் நல்ல ரிப்போர்ட். கடைசித் தடவை மட்டும் நியோப்டெரின் என்ற ஒரு சாமான் முப்பத்தொன்று என்று வந்தது. பத்துக்குள் இருக்க வேண்டியது. அன்றைக்கே அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அங்குலம் அங்குலமாகத் தேடியிருக்கிறார். புற்று இருந்த அடையாளமே இல்லை.

இவ்வளவும் எங்களுக்கு முன்பே தெரியும். அன்று நாங்கள் தேடி வந்தது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். அந்த முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது?

"ரிப்போர்ட் என் போனுக்குத்தான் முதல்ல வந்துது" என்றார் அந்தம்மா. "அவர் கடையில இருந்தார். நான்தான் போன் பண்ணேன். 'முப்பத்தொண்ணு வந்திருக்குங்க'ன்னேன். 'சரி'ன்னார். 'கடையைப் பூட்டிட்டு வர்றேன்'னார். வரலை."

பெட்டி ஒன்றின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் மேடம். அந்த நம்பர் உண்மையா? உண்மைன்னா, பயந்து போயிட்டார்னு அழுது தீர்த்துட்டு மிச்ச நாளை ஓட்டிடுவேன். பொய்யின்னா, அந்தப் பொய்யை அவர் காதுல போட்டது நான்தானே? அவங்க அம்மா வாசல்ல நின்னு 'என் பிள்ளையை வாயாலயே கொன்னுட்டே'ன்னு கத்தினாங்க. அதுக்கு எனக்கு ஒரு பதில் வேணும்."

"அந்த நம்பர் தனியா எதையும் சொல்லாதும்மா" என்றேன் நான். கம்பெனிக் காலத்துப் பாடம் கொஞ்சம் ஞாபகம் இருந்தது. "உடம்புக்குள்ள எதிர்ப்பு சக்தி சண்டைக்குக் கிளம்பினா ரத்தத்துல இது ஏறும். அவ்வளவுதான். வைரஸ் காய்ச்சல் வந்தாலும் ஏறும், புற்று வந்தாலும் ஏறும்."

"நாய் குரைக்குது. வந்தது திருடனா தபால்காரரான்னு நாய் சொல்லாது" என்றார் மேடம். "அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல், சளி ஏதாவது?"

"ஒரு தும்மல்கூட இல்லை. அன்னிக்கே டாக்டரும் போன்ல சொன்னார், இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்னு. நாலு நாள் கழிச்சு வரச் சொன்னார். அதையும் இவர்கிட்ட போன்லயே சொன்னேன். இவருக்கு அந்த நாலு நாள் தாங்கலை. 'மறுபடி அந்தக் கட்டில்ல என்னால படுக்க முடியாது'ன்னு முன்னாடியே சொல்லிட்டே இருப்பார்."

"சிகிச்சை நடந்தப்ப ரத்தம் ஏத்தினாங்களா?"

அந்தம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஏத்தினாங்களாவா? அவர் குரூப் இந்த ஊர்லயே கிடைக்கலை. ரெண்டு நாள் ஆஸ்பத்திரிப் படியில நின்னு போறவங்க வர்றவங்க கையை எல்லாம் பிடிச்சேன். கடைசியில ஒரு லாரி டிரைவர், முன்ன பின்ன தெரியாத மனுஷன், ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்து குடுத்தார்."

"ஹும். அந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்க."

பீரோவிலிருந்து கவர் வந்தது. "அப்புறமா அச்சடிச்சு அனுப்பினாங்க. நான் பிரிக்கலை. அன்னிக்குப் போன்ல பார்த்ததே போதும்."

மேடம் பிரித்தார். வழக்கம்போல் மேலிருந்து படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஆனால் ஒன்று கவனித்தேன். விரல் நின்ற இடம் முப்பத்தொன்று இல்லை. அதற்கு மேலே எங்கேயோ.

"ரத்தம் எடுக்க வந்தவர்கிட்ட அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? 'வாங்க, வீட்டுக்காரர் உள்ள இருக்கார், எடுத்துக்கோங்க'ன்னேன்."

"அவ்வளவு போதும். மூணு மணிக்குள்ள வர்றேன்" என்று மேடம் எழுந்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "போதும்னா எது போதும்? எனக்கு ஒண்ணும் போதலையே" என்று படி இறங்கும்போதே ஆரம்பித்தேன்.

"உனக்கு என்னைக்குப் போதியிருக்கு, மாத்திரை? வண்டியில ஏறு."

லேப் நான்கு தெரு தள்ளி இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி குளிர், சுவரில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். இந்தப் படத்துக் குடும்பங்களுக்கு மட்டும் எப்படித்தான் நோயே வருவதில்லையோ. அறைக்கு நடுவில் புத்தம்புதுச் சுழல் நாற்காலியில் ஒரு நடுத்தர வயது ஆசாமி. வெயிலில் அலைந்து கறுத்த முகம், வெள்ளைவெளேரென்ற புதுச் சட்டை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

"வீடு வீடா வந்து ரத்தம் எடுக்கிறவரு நீங்கதானே?" என்றார் மேடம்.

"இப்ப நான் போறதில்லை மேடம். ரெண்டு மாசமா உள்ளயேதான். சூப்பர்வைசர்."

"அடேங்கப்பா! ஊசியிலேர்ந்து நாற்காலிக்கு ஒரே குத்துல வந்துட்டீங்களே" என்றேன். அந்த ஆள் சிரிக்கவில்லை.

மேடம் எதிரில் உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில ஆள் அனுப்பணும். டெஸ்ட்டை நீங்களே எழுதிக்கோங்க, நியோப்டெரின். அதை எப்படி எடுப்பீங்க? ஏதோ மூடி எடுக்கணும்னு சொன்னாங்களே?"

"ஆமா மேடம். வெளிச்சம் பட்டா அது ரத்தத்துலயே அழிஞ்சுடும். எடுத்த உடனே கறுப்புத் தாள்ல சுத்திடுவோம். யாருக்கு எடுக்கணும்?"

"வீட்டுக்காரருக்கு."

ஆசாமி படிவத்தில் எழுதினார். 'வீட்டுக்காரர்' என்றே எழுதினார். எழுதி முடித்து முகவரி கேட்க நிமிர்ந்தார்.

"யாருன்னு எழுதியிருக்கீங்க?" என்றார் மேடம்.

"உங்க வீட்டுக்காரர்தானே மேடம்? பேரை அப்புறமா கேட்டு..."

"எனக்குக் கல்யாணமே ஆகலை. நான் வாடகை வீட்டுல இருக்கேன்."

ஆசாமியின் பேனா படிவத்தின் மேலேயே நின்றது. எனக்குத் தலைக்குள் பல்ப் எரிய இரண்டு விநாடி ஆயிற்று. அடப்பாவி! மாடியில் இருந்தவர் அந்தம்மாவுக்கு வீட்டுக்காரர். கீழே பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தவர் அந்த வீட்டுக்கே வீட்டுக்காரர்!

"ரெண்டு தாள்லயும் அதையேதான் எழுதினீங்க, இல்லையா?" மேடத்தின் குரல் ஏறவே இல்லை. "மேல அந்தம்மா 'வீட்டுக்காரருக்கு எடுங்க'ன்னாங்க. எடுத்து, கறுப்புத் தாள்ல சுத்தி, 'வீட்டுக்காரர்'னு எழுதினீங்க. கீழ இறங்கினா ஒருத்தர் வழியை மறிச்சு..."

"'நான்தான் வீட்டுக்காரர், எனக்கும் எடு'ன்னார்" என்று முடித்தார் ஆசாமி. "வெளிச்சம் படக்கூடாதேன்னு அவசரம் மேடம். ஒவ்வொருத்தரோட எல்லா டியூப்பையும் ஒண்ணா சேர்த்துச் சுத்திட்டேன். பேர் போட்ட ஸ்டிக்கரை அவங்க முன்னாடியே ஒட்டணும். எட்டு வருஷமா லேப்புக்கு வந்துதான் ஒட்டுவேன். ஒண்ணும் ஆனதில்லை. அன்னிக்கு இங்க வந்து பைக்குள்ள கையை விட்டா ரெண்டு கறுப்புப் பொட்டலம், ரெண்டுலயும் வீட்டுக்காரர். பையில மேலாப்ல இருந்தது கடைசியா எடுத்ததுன்னு நினைச்சு..."

"நினைச்சு ஒட்டிட்டீங்க."

"என் பொண்ணு மேல சத்தியமா வேணும்னு பண்ணலை மேடம்."

"எப்ப தெரிஞ்சுது?"

ஆசாமி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வேறு குரல் வந்தது. "என்ன இங்க? ஏன் சத்தம்?" லேப் முதலாளி. கையில் காபிக் கோப்பை, முகத்தில் சுவரில் இருந்த குடும்பத்தின் அதே சிரிப்பு.

"யாரும் சத்தம் போடலை. எப்ப தெரிஞ்சுதுன்னு கேட்டேன்" என்றார் மேடம்.

"மூணாம் நாள்" என்றார் ஆசாமி, முதலாளியைப் பார்க்காமலே. "அவர் செத்துட்டார்னு கேள்விப்பட்ட உடனே இவர்கிட்ட ஓடி வந்து சொன்னேன். டியூப் எல்லாம் ஃப்ரீஸர்ல இருக்கு, திரும்பப் பார்த்துடலாம்னு அழுதேன். இவர்தான்..."

"நீ உள்ள போ" என்றார் முதலாளி.

"ஒண்ணைத் திருத்தினா ரெண்டைத் திருத்தணும், வாயை மூடிக்கிட்டு உள்ள உக்காருன்னார். டியூப்பை அன்னிக்கே கொட்டச் சொன்னார். இந்த நாற்காலியைக் குடுத்தார்."

முதலாளி காபியை ஒரு வாய் குடித்தார். அந்த நிதானத்தைப் பார்த்து எனக்குக் கை துறுதுறுத்தது. "இங்க பாருங்க மேடம். நீங்க படிச்சவங்க. செத்தவர் திரும்பி வரப்போறதில்லை. இருக்கிறவர் நல்ல ரிப்போர்ட்டை வச்சுட்டு சந்தோஷமா இருக்கார். அவரைப் போய் எதுக்குக் கெடுக்கணும்? அந்த நம்பர் வெறும் சளியாக்கூட இருந்திருக்கும்."

"சளிக்கு ரெண்டரை மாசத்துல பன்னெண்டு கிலோ இறங்குமா?" என்றார் மேடம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பெல்ட் முழுசாகப் புரிந்தது. வாக்கிங்காவது, மண்ணாவது. நாற்காலியை நகர்த்தவே சோம்பல்படுகிற மனுஷன் எங்கே வாக்கிங் போகிறது? ஓட்டை மேல் ஓட்டையாக உள்ளே ஏதோ அவரைத் தின்றுகொண்டிருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்த ஒரே காகிதம் வேறொருவர் வீட்டுக்குப் போய், அந்த வேறொருவரைக் கொன்றுவிட்டது. இங்கே இந்த ஆள் காபி குடிக்கிறான்.

"ஏன்யா, நீ மனுஷன்தானா?" என்று கத்தினேன். "ஒருத்தரைக் கொன்னாச்சு. இன்னொருத்தர் நாளுக்கு நாள் செத்துட்டு இருக்கார்னு தெரிஞ்சும் ரெண்டரை மாசம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"மாத்திரை, போதும்." மேடம் கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒலிப்பதிவின் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "இன்ஸ்பெக்டர் நாலு மணிக்கு வருவார். அவருக்கும் ஒரு காபி சொல்லி வைங்க."

காரில் திரும்பும்போது கேட்டேன். "லேப்புக்குப் போறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். எப்படி?"

"அறுபத்திரண்டு வயசுல ஒருத்தர் தன் ரத்தம் அபூர்வமானதுன்னு புதுசா கண்டுபிடிக்கிறார். மாடியில இருந்தவருக்கு அபூர்வ ரத்தம் கிடைக்காம ஒரு பொண்ணு ரெண்டு நாள் படியில நின்னிருக்கா. ஒரே வீட்டுல எத்தனை அபூர்வம் இருக்கும்?" கைப்பையிலிருந்து கவரை எடுத்து என் மடியில் போட்டார். "மேலேர்ந்து படி."

படித்தேன். முதல் வரி பேர், வயது. அடுத்து ரத்தப் பிரிவு: ஓ பாசிட்டிவ். அதற்கு இரண்டு வரி கீழே, சிவப்பு எழுத்தில் முப்பத்தொன்று.

"ஐயோ" என்றேன். "மேடம், இதை அந்தம்மாகிட்ட காட்ட வேண்டாம். மாறிப்போச்சுன்னு மட்டும் சொல்லுவோம். கவரை நான் கிழிச்சுப் போட்டுடறேன்."

"போன்ல இருக்கே மாத்திரை. இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குப் பார்ப்பா. தனியா பார்க்கிறதைவிட நம்ம முன்னாடி பார்க்கட்டும்."

மாடியில் மேடம் எல்லாவற்றையும் சொன்னார். கறுப்புத் தாள், ஸ்டிக்கர், சுழல் நாற்காலி, காபி. எதையும் மிச்சம் வைக்கவில்லை, எதையும் பூசி மெழுகவும் இல்லை. அந்தம்மா அழவில்லை. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவருக்கு ஒண்ணுமே இல்லை."

"ஒண்ணுமே இல்லை. கீழ மாட்டி வச்சிருக்கிறதுதான் அவரோட ரிப்போர்ட்."

"இது மாறினதுதான்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க? அந்த ஆள் பொய் சொல்லலாமே."

மேடம் கவரை நீட்டினார். அந்தம்மா தாளைப் பிரித்தார். கை தானாகக் காதுக்குப் போய்ப் பென்சிலை எடுத்தது. பழக்கம். பென்சில் முனை வரிக்கு வரி இறங்கியது, பேரைத் தாண்டியது, ரத்தப் பிரிவில் நின்றது. நானாக இருந்தால் அந்த இடத்தில் அலறியிருப்பேன். அந்தம்மா 'ஓ பாசிட்டிவ்'வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, அச்சகத்துக்காரர்கள் போடுகிற பிழைக் குறியைப் போட்டார்.

"ரெண்டு வரி மேல" என்றார்.

"பயந்துபோன யாரும் அந்த வரியைப் பார்த்திருக்க மாட்டாங்கம்மா" என்றார் மேடம்.

"பார்க்கிறதுதானே மேடம் என் வேலை? ஒரு கொம்பு, ஒரு கால், ஒரு புள்ளி விட்டாலும் பதினாறு வருஷமா நான் கண்டுபிடிச்சிருக்கேன். ஏபி நெகட்டிவ் ஏபி நெகட்டிவ்னு ரெண்டு நாள் கத்தினவளும் நான்தான். எல்லாரும் தப்புப் பண்ணாங்க. கடைசியா அதைப் பிடிக்க வேண்டிய ஆள் நான்." தாளை நான்காக மடித்தார். "அத்தை சொன்னது சரிதான்."

சரியில்லை, சரியே இல்லை என்று நான் வாயைத் திறந்தேன். மேடம் கண்ணாலேயே அடக்கினார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் மேடம். "கீழ இருக்கிறவர்கிட்ட இன்னைக்கே சொல்லியாகணும். அவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு நாளும் தள்ள முடியாது."

"நான் சொல்றேன்" என்றார் அந்தம்மா சட்டென்று. "என் வீட்டுக்காரரோட ரிப்போர்ட் அவர்கிட்ட இருக்கு. அதை நான்தான் கேக்கணும். நீங்க யாரும் வர வேண்டாம்."

மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். "சரி. நான் வண்டியில இருக்கேன். மாத்திரை, அந்தப் புத்தகப் பெட்டியை எடுத்துட்டு வா. அச்சகத்துல இறக்கிடலாம்."

மேடம் முதலில் இறங்கினார். அந்தம்மா அடுத்து. நான் பெட்டியோடு நாலு படி பின்னால்.

கீழே மனுஷர் தரையில் குந்தியிருந்தார். பெல்ட்டைக் கழற்றி ஒரு மரக்கட்டைமேல் வைத்து, ஆணியும் சுத்தியலுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தார். நாலாவது ஓட்டை. நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன, யாரு அவங்க? வக்கீலா?" என்றார் அந்தம்மாவைப் பார்த்ததும். "வக்கீல் வந்தாலும் சரி, போலீஸ் வந்தாலும் சரி, தேதி தேதிதான். செத்த வீடுன்னு பேராயிடுச்சு. இனிமே எவன் வருவான்? உன் புருஷன் போறதுதான் போனான், என் வீட்டுப் பேரையும் எடுத்துட்டுப் போயிட்டான்."

அந்தம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆணியில் அந்த அட்டை தொங்கியது. ஏபி நெகட்டிவ். கீழே ஐந்து புள்ளி எட்டு. தன் புருஷனின் ரத்தம், பிளாஸ்டிக் உறைக்குள், தூசி படாமல்.

"என்ன முறைக்கிறே?"

"உங்க உடம்பு நல்லா இருக்குல்ல?" என்றார் அந்தம்மா.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். அதான் பார்க்கிறியே, எல்லாம் நார்மல்."

"ஆமா" என்றார். "படிச்சேன். ஒவ்வொரு வரியா படிச்சேன். ஒரு பிழையும் இல்லை. பத்திரமா வச்சுக்கோங்க."

திரும்பிப் படியேறினார். என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

சொல்லியிருக்கலாம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பெரிய டாக்டர் என்றும் பார்க்காமல், வேலை போகும் என்று தெரிந்தே உளறின வாய் இது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் லேப்பில் நின்று நீ மனுஷன்தானா என்று கத்தின வாய்.

"தம்பி, சும்மாதானே நிக்கிறே? இதைக் கொஞ்சம் பிடி" என்றார் அவர். "கை நடுங்குது. எண்ணெய் இல்லாம சாப்பிட்டா இப்படித்தான்."

பெட்டியை வைத்தேன். குந்தினேன். பெல்ட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மூன்றே அடியில் ஆணி இறங்கிவிட்டது. அவர் எழுந்து கட்டிப் பார்த்து, "இப்ப கச்சிதம்" என்றார்.

காரில் மேடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு ஏறினேன்.

"சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாங்க மேடம்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. அதிர்ச்சியில உக்காந்துட்டார்."

மேடம் சாவியில் கை வைத்தார். திருகவில்லை. என் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். இரண்டு கட்டைவிரலிலும் பெல்ட்டின் கறுப்பு பாலிஷ் ஈஷியிருந்தது. அவசரமாகத் துடைத்தேன். போகவில்லை.

சாவியை உருவிக்கொண்டு மேடம் கதவைத் திறந்து இறங்கினார்.